பெயர் சொல்லாத ஆதாரம்

"பதினோரு நிமிஷம் இருபது செகண்ட்," என்றாள் பெத்ரோனா. அவளுடைய ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, மறு கையில் நேரம் பார்க்கும் செல்போன்.

பிரின் கையிலிருந்த தாள்களைச் சமையல் மேடைமேல் விசிறியடித்தாள். அதில் இரண்டு தரையில் போய் விழுந்தன. "பொய்! நீ முன்னாடியே அமுக்கிட்ட."

"நீ வாயத் தொறந்ததும்தான் அமுக்கினேன் கண்ணு. ரெண்டாவது பகுதியில இழுக்கற. ரோமாபுரிக் குளியல்தொட்டி பத்தின கதைய வெட்டிடு, சரியாப் போயிடும்."

"ஒனக்கு என்ன தெரியும்?"

பெத்ரோனாவுக்கு அந்த உரை முழுக்கத் தெரியும். அக்டோபரிலிருந்து இந்த மார்ச் வரை நூறு தடவைக்குக் குறையாமல் கேட்டிருக்கிறாள். எந்த வாக்கியத்தில் மூச்சு, எந்த வாக்கியத்தில் கையசைப்பு, எந்த இடத்தில் மூன்று அடி பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த பகுதிக்குப் போவது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்த மூன்று அடிக்காகச் சமையலறைத் தரையில் நீல நாடா ஒட்டியிருந்தார்கள். வீட்டில் எதைத் துடைத்தாலும் நாடாவைத் தொடக் கூடாது என்பது உத்தரவு. ஐந்து மாதமாக அவள் அதைச் சுற்றி முழங்காலிட்டுத் துடைத்துவந்தாள்.

பேச்சுப் போட்டி என்றால் அமெரிக்காவின் அந்த ஒமஹா புறநகரில் விளையாட்டல்ல. கால்பந்துக்கு அடுத்தபடி அதுதான். அதிலும் தகவல் உரை என்ற பிரிவு பெரிய மரியாதைக்குரியது. பத்து நிமிடம், ஆறேழு விளக்க அட்டைகள், மனப்பாடம். கேட்பவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைக்க வேண்டும்; கருத்து சொல்லக் கூடாது, கட்சி கட்டக் கூடாது. பிரின் கூல்மனுக்கு வயது பதினேழு, பள்ளியில் கடைசி வருடம். சனிக்கிழமை மாநிலப் போட்டி. அதில் ஜெயித்தால் அவள் ஆசைப்பட்ட கல்லூரி திரும்பிப் பார்க்கும்.

டெனிஸ் கூல்மன் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். பிரின்னின் தாய், ஊர்ப் பள்ளி நிர்வாகக் குழுவின் உறுப்பினர். தரையில் கிடந்த தாளை எடுத்துப் படித்தாள். சென்ற வாரப் போட்டியின் நடுவர் எழுதிய மதிப்பெண் தாள் அது. நான்காம் இடம். கீழே பச்சை மையில் குறிப்பு: 'அந்தப் பெண் யார்? பெயர் சொல்லாத ஆதாரம் ஆதாரமே இல்லை.'

"பேரச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் டெனிஸ்.

பெத்ரோனாவின் கையில் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. பிரின்னின் கோட்டுக் காலரிலிருந்து ஆவி கிளம்பியது. சட்டென்று பெட்டியைத் தூக்கினாள். "வேணாம் மிஸ் டெனிஸ். பேர் மட்டும் வேணாம். அப்படிச் சொல்லித்தான பேசினேன்."

அவள் பேசியது அக்டோபர் பன்னிரண்டாம் தேதி. பயிற்சி ஆசிரியர் ஹேவர்கேம்ப் தம் மாணவர்களிடம், 'உங்கள் வீட்டிலேயே இருந்து யார் கண்ணிலும் படாத ஒன்றைக் கண்டுபிடியுங்கள்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். பிரின் வீடெல்லாம் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் இதே மேடையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஆறு வயதிலிருந்து தான் தலைவாரிவிட்ட பிள்ளை அழுதால் பெத்ரோனாவுக்குத் தாங்காது. பாத்திரம் கழுவ மடித்துவிட்ட சட்டைக் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள். பிரின் நிமிர்ந்தபோது அவள் கண்ணுக்கு நேரே இருந்தது பெத்ரோனாவின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுருங்கி இழுத்திருந்த தோல்.

"இது எப்படி வந்தது பெத்ரா?"

பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அதனால்தான் அவள் சொல்லிவிட்டாள். குவாத்தமாலா மலையிலிருந்து வந்தபோது அவளுக்கு வயது பதினைந்து. கார்மென் என்ற இருபத்திரண்டு வயதுக்காரியின் காகிதங்களை வைத்துக்கொண்டு, மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் இரவில் இயந்திரம் கழுவும் வேலைக்குப் போனாள். கழுவும் நுரையில் காரம் அதிகம். ஒரு நாள் குழாய் பிடுங்கிக்கொண்டு நுரை கையைப் பொசுக்கிவிட்டது. வைத்தியரிடம் போனால் வயது கேட்பார் என்று மேஸ்திரி உருளைக்கிழங்கை அரைத்துக் கட்டச் சொன்னான். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "பேர் மட்டும் வராம பாத்துக்க கண்ணு. எங்களுக்கு இந்த நாட்டுல இருக்க இன்னும் பேப்பர் இல்ல, தெரிஞ்சா நாடு கடத்திடுவாங்க. எம் பொண்ணு யெசெனியாவுக்கு ஒம்பது வயசுதான் ஆகுது," என்றாள். பிரின் அவளைக் கட்டிக்கொண்டு சத்தியம் செய்தாள். பிறகு அந்தக் கையைப் புகைப்படம் எடுத்தாள்.

உரையின் பெயர் 'சுத்தம் செய்வது யார்?' சோப்பின் வரலாற்றோடு அந்தக் கையும் அதில் சேர்ந்து, மூன்றடி உயர அட்டையாக வளர்ந்து வந்தது. புதன்கிழமைதோறும் பெத்ரோனா தன் கையின்மேல் படிந்த தூசியைத் தட்டினாள்.

"நீ எங்க குடும்பத்துல ஒருத்தி," என்றாள் டெனிஸ் இப்போது. "ஒனக்கு ஆபத்து வர நாங்க விடுவமா?"

குடும்பத்தில் ஒருத்தி என்ற சொல் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் புழங்கும். சொல்ல வாய் வலிக்காது. குடும்பத்தில் ஒருத்தியாகப் பெத்ரோனா பதினோரு வருடமாக அந்தச் சாப்பாட்டு மேசையின் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நவம்பர் மாத நன்றி விருந்துக்கு அவளைத் தவறாமல் அழைப்பார்கள், வந்து பரிமாறுவாள். சென்ற நவம்பரில் பரிமாறி முடித்ததும் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வந்த பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"வேற பேர் வச்சுடலாமே," என்றாள் பெத்ரோனா. "ரோசான்னு சொல்லு. யாருக்குத் தெரியப் போகுது?"

"நல்ல யோசன," என்றாள் டெனிஸ். "சரி, ரோசா. சத்தியமா ஒம் பேரு வராது. இப்ப அந்தக் கோட்ட முடி, காலர் கருகிடப் போகுது."

மாநிலப் போட்டி மேற்கே இரண்டரை மணி நேரப் பயணத்தில் ஒரு பெரிய பள்ளியில். அட்டைகளையும் அவற்றை நிறுத்தும் முக்காலியையும் சுமக்க ஆள் வேண்டுமென்று பெத்ரோனாவையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். பின் இருக்கையில் அட்டைகள் சாய்ந்துவிடாமல் முழங்காலால் தாங்கிக்கொண்டே வந்தாள்.

தாழ்வாரம் முழுக்க கோட்டு போட்ட பிள்ளைகள் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அங்கே வழக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு சுவர். சுவரைப் பார்த்துச் சிரித்தார்கள், சுவரிடம் கேள்வி கேட்டார்கள், பதிலுக்குக் காத்திருப்பது போல ஒரு நொடி நிறுத்தினார்கள். பிரின்னும் தனக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெத்ரோனா அட்டைகளைச் சுமந்து நின்றாள்.

முக்காலியைச் சரிபார்க்க வந்த ஒரு நடுவர் அவளைப் பார்த்து, "நீங்க யாரு? மேடையில இவங்களோட நிக்கப் போறீங்களா?" என்றார். "உயிருள்ள மிருகத்தையும் மனுஷங்களையும் காட்சிக்கு வைக்கக் கூடாது. விதி இருக்கு."

"இல்ல சார். நான் அட்ட தூக்கறவ," என்றாள் பெத்ரோனா. விதிப்படி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

முதல் சுற்றில் பிரின் ரோசா என்றாள். நன்றாகவே பேசினாள். ரோமாபுரித் தொட்டி போயிருந்தது, நேரம் கச்சிதம். இறுதிச் சுற்றுக்குத் தேர்வான ஆறு பேரில் அவள் பெயரும் சுவரில் ஒட்டப்பட்டது. டெனிஸ் கைதட்டிக் குதித்தாள். அப்போதுதான் ஹேவர்கேம்ப் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு வந்தார்.

"பிரின், இந்த ரோசாவோட முழுப் பேரு என்ன? ஆதாரப் பட்டியல்ல காணமே."

பிரின் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. மனிதர் நேர்மைக்குப் பெயர் போனவர். முப்பது வருடத்தில் அவருடைய மாணவர் ஒருவர்கூடப் பொய்யான மேற்கோளுக்காக மேடையிறங்கியதில்லை.

"பேர மாத்தினா அது இட்டுக்கட்டின ஆதாரம். எவனாவது எழுந்து கேட்டான்னா அங்கயே தகுதி நீக்கம். இறுதிச் சுற்றுல உண்மையான பேரு, தேதி, அவங்க யாரு, எல்லாம் வேணும். இல்லன்னா அந்தக் கதையே வேணாம், எடுத்துடு."

"அந்தக் கதைய எடுத்தா என்ன சார் இருக்கு? வெறும் சோப்புதான் இருக்கு!" பிரின்னுக்கு அழுகை வந்துவிட்டது.

பெத்ரோனா அட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "எடுத்துடு கண்ணு. சோப்பே நல்லாதான் இருக்கு. நான் கேட்டிருக்கேன்ல? நீ சோப்பு பேசினாலும் ஜெயிப்ப."

"ஒரே ஒரு வரி பெத்ரா. யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது?"

"படம் புடிக்கறாங்களே. இறுதிச் சுற்று ஊரெல்லாம் பாக்கும்னு நீதான சொன்ன?"

டெனிஸ் பெத்ரோனாவின் தோளைத் தொட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அழைத்துப் போனாள். பார்ப்பவர்கள் தோழிகள் என்று நினைத்திருப்பார்கள். அவ்வளவு இதமான குரல்.

"இத பாரு. பதினோரு வருஷமா ஒன்ன யாரு காப்பாத்தறது? ஒரு போன் போதும்னு ஒனக்குத் தெரியும்ல? நாங்க பண்ணினோமா? பண்ணல. ஏன்? குடும்பம்னு நெனைக்கறதால. இன்னிக்கு எம் பொண்ணுக்கு ஒண்ணு வேணும். நீ தடுத்தேன்னா நான் எப்படி நெனைக்கறது, சொல்லு?"

பெத்ரோனா குழாயிலிருந்து ஒழுகிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரம் மணி இரண்டரை காட்டியது.

இறுதிச் சுற்று அரங்கில் எண்ணூறு பேர், இரண்டு காமிராக்கள். பிரின் ஐந்தாவதாக வந்தாள். முதல் பகுதி முடிந்து மூன்று அடி நகர்ந்தாள். நீல நாடா இல்லாமலே சரியான இடத்தில் நின்றாள். அட்டையைத் திருப்பினாள். மூன்றடி உயரக் கை அரங்கத்தைப் பார்த்தது. யாரோ உஸ் என்று மூச்சை இழுத்தார்கள். பிரின் சரியாக ஒரு நொடி காத்தாள். அந்த ஒரு நொடியை அவளுக்கு எண்ணிப் பழக்கியவள் பெத்ரோனாதான்.

"இந்தக் கை பெத்ரோனா அந்திரேஸ் மத்தேயோவோடது. எங்க வீட்டுப் பணிப்பெண். நேர்காணல், அக்டோபர் பன்னிரண்டு. பதினெட்டு வருஷமா இந்த நாட்டுல பேப்பர் இல்லாம இருக்காங்க. பதினஞ்சு வயசுல கார்மென்ங்கற இன்னொருத்தியோட பேர்ல வேலைக்குச் சேர்ந்தாங்க…"

தெளிவான உச்சரிப்பு. ஓர் எழுத்து தடுக்கவில்லை. சொந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் தன் பெயரை அவ்வளவு சரியாகச் சொல்லிப் பெத்ரோனா கேட்டதில்லை. முன்வரிசையில் மூன்று நடுவர்களும் ஒரே சமயத்தில் எழுதினார்கள்.

அவள் மடிக்குள் செல்போனை மறைத்துக்கொண்டு கணவனுக்கு எழுதினாள்: 'கஸ்பார், துணிய மூட்ட கட்டு. யெசெனியாவக் கூட்டிட்டு நேரா இங்க வா. வீட்டுக்குத் திரும்பப் போகல.' இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். எழுந்து போயிருக்கலாம். ஆனால் பிரின் பேசி முடிக்கும்வரை எழவில்லை. முடிந்ததும் பழக்க தோஷத்தில் நேரத்தைப் பார்த்தாள். ஒன்பது நிமிடம் ஐம்பத்தாறு வினாடி.

பிரின்தான் ஜெயித்தாள். முதலிடம் வந்தவர் தாம் நன்றி சொல்ல நினைக்கும் ஒருவரை மேடைக்கு அழைத்து ஒலிவாங்கியைத் தருவது அந்தப் போட்டியின் மரபு. பெரும்பாலும் தாயாரை அழைப்பார்கள், தாயார் அழுவார். டெனிஸ் கைக்குட்டையுடன் தயாராக இருந்தாள். ஆனால் பிரின் கடைசி வரிசையைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"பெத்ரா! வா, மேல வா! இவங்கதான் அந்தக் கை!"

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. டெனிஸ் கைக்குட்டையை மடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் தட்டினாள். பிரின்னின் அன்பு பொய்யில்லை, அதுதான் கொடுமை. பெத்ரோனா நடந்து வந்து மேடையேறினாள். பிரின் அவளைக் கட்டிக்கொண்டு காதருகே, "சட்டக் கைய மடிச்சுக் காட்டேன், ப்ளீஸ்," என்றாள். போட்டி முடிந்துவிட்டது. இனி மனிதரைக் காட்சிக்கு வைக்கலாம்.

பெத்ரோனா கையை மடிக்கவில்லை. ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். பெயர், ஊர், வயது, கார்மென் எல்லாம் வெளியே போயாகிவிட்டது. காப்பாற்றுவதற்கு இனி அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. பதினெட்டு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் இறங்கிப் போன இடம் அவளுக்கே புதிதாக இருந்தது.

"எம் பேரு பெத்ரோனா அந்திரேஸ் மத்தேயோ. அது இப்ப எல்லாருக்கும் தெரியும்," என்றாள். "நானும் ஒரு தகவல் உரை பேசறேன். சின்னதுதான். கருத்து ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சிலர் அன்பாகச் சிரித்தார்கள்.

"முதல் பகுதி. ஆதாரம், திருமதி டெனிஸ் கூல்மன், பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர். நேர்ப்பேச்சு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, ஆகஸ்ட் ஒம்பது, அவங்க சமையலறை. எங்கிட்ட பேப்பர் இல்லன்னு சொன்னேன். அவங்க சொன்னது: 'இல்லாததுதான் எனக்கு நல்லது. பேப்பர் இருக்கறவங்க லீவு கேப்பாங்க.'"

மூன்று அடி நகர்ந்தாள். ஒலிவாங்கியின் கம்பி பின்னால் இழுபட்டது.

"ரெண்டாவது பகுதி. ஆதாரம், அவங்கதான். போன நவம்பர், நன்றி விருந்து. நான் மூணு மாசம் முழுகாம இருந்தேன். ரத்தம் போக ஆரம்பிச்சது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னேன். அவங்க சொன்னது: 'கடைசிப் பலகாரத்த வச்சுட்டுப் போ, விருந்தாளிங்க உக்காந்திருக்காங்க.' வச்சுட்டுதான் போனேன். அந்தக் குழந்த இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. பிரின் தாயைப் பார்த்தாள். அந்த விருந்தில் கடைசிப் பலகாரத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள் அவள்.

மறுபடி மூன்று அடி.

"மூணாவது பகுதி. ஆதாரம், அவங்கதான். இன்னிக்கு, மத்தியானம் ரெண்டரை மணி, வெளிய தண்ணிக் குழாய் பக்கத்துல. 'ஒரு போன் போதும்னு ஒனக்குத் தெரியும்ல?' அவ்வளவுதான். பேர் சொல்லாத ஆதாரம் ஆதாரமே இல்லன்னு இந்தப் போட்டியிலதான் கத்துக்கிட்டேன். நன்றி."

ஒலிவாங்கியைப் பிரின்னின் கையில் வைத்தாள். பின்னால் யாரோ இரண்டு தடவை தட்டிவிட்டு நிறுத்தினார்கள். டெனிஸ் பக்கத்து இருக்கைக்காரரிடம், "பாவம், அவளுக்கு நம்ம மொழி சரியா வராது. எதையோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா," என்று சொல்லிச் சிரிக்க முயன்றாள்.

தாழ்வாரத்தில் பிரின் ஓடிவந்து மறித்தாள். கண் மை கரைந்து கன்னத்தில் ஓடியது. "ஏன் இப்படிப் பண்ணின? நான் ஒன்ன எல்லாருக்கும் தெரியவச்சேன்! ஒன்ன எவ்வளவு நேசிக்கறேன் தெரியுமா?"

"தெரியும் கண்ணு," என்றாள் பெத்ரோனா. "எனக்குப் பேர்தான் வேணாம்னு கேட்டேன்."

அட்டைகள் சுவரோரம் கிடந்தன. அவற்றைத் தாண்டிப் போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. வெளியே பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில், குளிரில், கஸ்பாரின் வண்டி வரும்வரை மூன்று மணி நேரம் நின்றாள். வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே யெசெனியா பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் மேற்கே போனார்கள்.

டெனிஸ் கூல்மனுக்கு ஒன்றும் ஆகவில்லை. குடும்பத்தில் ஒருத்தியாக நடத்தியவளே முதுகில் குத்திவிட்டதாக நிர்வாகக் குழுவில் கண் கலங்கப் பேசினாள். உறுப்பினர்கள் அனுதாபம் தெரிவித்துத் தீர்மானம் போட்டார்கள். வேறோர் ஊரிலிருந்து வேறொரு பெண் வந்து, சமையலறைத் தரையிலிருந்த நீல நாடாவைச் சுரண்டி எடுத்தாள்.

செப்டம்பரில், இரண்டு மாநிலங்கள் தள்ளி ஒரு சிற்றூரில், பெத்ரோனா புதிதாக வேலை பார்க்கும் வீட்டின் பின்வாசலுக்கு யெசெனியா செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பேச்சுப் போட்டிக் கழகம் புதிய மாணவர்களுக்காக வெளியிட்ட பயிற்சிப் படம். 'ஆதாரம் காட்டுவது எப்படி: ஒரு சிறந்த முன்மாதிரி' என்று தலைப்பு. ஒரு லட்சம் பேருக்குமேல் பார்த்திருந்தார்கள். ஹேவர்கேம்ப் முன்னுரை சொன்னார். பிரின் மூன்று அடி நகர்ந்து அட்டையைத் திருப்பினாள். பெத்ரோனா அந்திரேஸ் மத்தேயோ என்று படத்தின் கீழே எழுத்திலும் போட்டிருந்தார்கள். கடைசியில் கைதட்டல், மேடையை நோக்கி நடந்து வரும் ஒரு பெண்ணின் முதுகு, பிரின் நீட்டும் ஒலிவாங்கி. அத்தோடு படம் முடிந்தது.

"அம்மா, நீ பேசினது எங்க?"

பெத்ரோனா மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். தன் பெயர் வந்த இடத்தை ஒரு தடவை, ஒலிவாங்கி வந்த இடத்தை மூன்று தடவை. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

உள்ளேயிருந்து புது எஜமானியின் குரல் வந்தது. "கார்மென்! மாடிக் குளியலறை முடிஞ்சதா?"

"இதோ," என்றாள் அவள். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.